சர்வரைத் திணறடிக்கும் ‘கேஸ்வாப்டி0’: வீட்டு ஆளா, வேஷம் போட்ட திருடனா?

பண்டிகை நேரம், இரவு 11 மணி. ஆர்டர் குவிய வேண்டிய கடையின் இணையதளம் திறக்கவே மாட்டேங்குது. லினக்ஸ் சர்வருக்குள் நுழைந்து ‘டாப்’ கட்டளை கொடுத்தால், பட்டியலின் உச்சியில் ‘கேஸ்வாப்டி0’ என்று ஒரு பெயர் (கே, எஸ், டபிள்யூ, ஏ, பி, டி, பூஜ்யம்). சிபியு பயன்பாடு 99 சதவீதம். ‘இதை யாருப்பா இன்ஸ்டால் பண்ணது?’ என்ற கேள்விதான் முதலில் வரும். யாரும் பண்ணவில்லை என்பதும் பதிலாக இருக்கலாம். திருடன் பண்ணினான் என்பதும் பதிலாக இருக்கலாம்.

இதன் வேலை என்ன?

அசல் கேஸ்வாப்டி, லினக்ஸ் கெர்னலின் ஒரு பகுதி. சமையல் மேடையை ரேம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் இடம் குறைந்ததும், உடனே தேவைப்படாத பாத்திரங்களைப் பரணில் ஏற்றுவதுதான் இதன் வேலை. பரண் என்பது டிஸ்க்கில் உள்ள ‘ஸ்வாப்’ பகுதி. மேடை ரொம்பச் சின்னதாக இருந்தால்? ஏற்றுவதும் இறக்குவதுமாகவே பொழுது போகும், சமையல் நடக்காது. சர்வரிலும் அதே கதைதான்.

ஸ்வாப்பே வைக்காத சர்வரிலும் இது நடக்கும். ரேமில் உள்ள கோப்புகளின் நகல்களை இது நீக்கும். அடுத்த நொடியே அவை தேவைப்பட்டு, டிஸ்க்கிலிருந்து மீண்டும் படிக்கப்படும்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

‘அவுட்லா’ என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் அழைக்கும் கும்பல், மொனேரோ கிரிப்டோ நாணயம் தோண்டும் தனது புரோகிராமுக்கு இதே பெயரை வைத்திருக்கிறது. எளிதான பாஸ்வேர்டு உள்ள சர்வர்களில் எஸ்எஸ்எச் வழியாக நுழைவது இவர்கள் பாணி. ஆகவே மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

1. பயனர்: அசல், ‘ரூட்’ பெயரில்தான் ஓடும். வேறு பயனர் பெயர் இருந்தால் போலி. ரூட் என்று இருந்தாலும் அடுத்த இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

2. மெமரி: ‘டாப்’ பட்டியலில் அசலுக்கு ‘விர்ட்’, ‘ரெஸ்’ இரண்டும் பூஜ்யமாக இருக்கும்.

3. முகவரி: ‘ப்ராக்’ கோப்புறையில் அந்த பிஐடி எண்ணுக்குள் ‘எக்ஸ்இ’ என்ற இணைப்பு இருக்கும். ரூட் பயனராக அதைப் பாருங்கள். அசல், கெர்னலுக்குள்ளேயே ஓடுவதால் எந்தக் கோப்பையும் காட்டாது. ஏதாவது ஒரு கோப்பைக் காட்டினால், அது வேஷம்.

அசல் என்றால்...

‘கில்’ கொடுத்துப் பயனில்லை. கெர்னல் இழைகள் அதற்கு மசியாது. சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் நிம்மதி, அவ்வளவுதான். ‘ஃப்ரீ’ கட்டளையில் ‘அவெய்லபிள்’ எவ்வளவு என்று பாருங்கள். பிறகு ‘டாப்’பில் ஷிஃப்ட்டும் எம்மும் அழுத்தினால், மெமரியை அதிகம் விழுங்குவது யார் என்று வரிசையாகத் தெரியும். பெரும்பாலும் அளவுக்கு மீறிய பிஹெச்பி வொர்க்கர்கள், மைஎஸ்க்யூஎல், ஜாவா இவற்றில் ஒன்றாக இருக்கும். அதன் வரம்பைக் குறையுங்கள். அதுவும் போதவில்லை என்றால் ரேமைக் கூட்டுவதுதான் வழி.

போலி என்றால்...

‘கில்’ செய்தால் செத்துவிடும். ஆனால் ‘க்ரான்’ அட்டவணையில் எழுதி வைத்திருப்பதால் மறுபடியும் எழுந்து வரும். எஸ்எஸ்எச் சாவிப் பட்டியலில் திருடன் தன் சாவியையும் சேர்த்திருக்கக்கூடும். அதனால் முதலில் சர்வரை நெட்வொர்க்கிலிருந்து துண்டியுங்கள். டேட்டாவை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டு, புதிய சர்வரில் எல்லாவற்றையும் மறுபடி நிறுவுங்கள். பாஸ்வேர்டுகள் அனைத்தையும் மாற்றுங்கள். எஸ்எஸ்எச்சில் பாஸ்வேர்டு நுழைவை நிறுத்தி, சாவியை மட்டும் அனுமதியுங்கள்.

நெருக்கடியில் ரேமைக் கூட்டிப் பார்க்கலாம் என்றுதான் தோன்றும். அது போலியாக இருந்தால், திருடனின் வேலைக்கு நீங்கள் வாடகை கட்டுகிறீர்கள் என்று அர்த்தம். செலவு செய்வதற்கு முன், அந்த மூன்று விஷயங்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.