டபராவில் காபி ஆற்றும்போது

என் அக்கா மகளுக்கு வயது 22. மென்பொருள் நிறுவனத்தில் வேலை. கோடிங்கில் கெட்டிக்காரி என்று அலுவலகத்தில் பெயர். ஆனால் டபராவில் காபி ஆற்றச் சொன்னால் பாதி தரைக்குத்தான் போகும். "கையில என்ன எண்ணெயா தடவியிருக்கே?" என்று பாட்டி கேட்டுக் கேட்டு, விருந்தாளி வந்தால் அவள் அடுப்படிப் பக்கமே தலைகாட்டுவதில்லை. இதற்கு டிஸ்ப்ராக்ஸியா என்று பெயர் உண்டென்பது போன வருடம்தான் எங்களுக்குத் தெரிந்தது.

தசையில் கோளாறு இல்லை

டம்ளரை எவ்வளவு உயர்த்துவது, எவ்வளவு சாய்ப்பது, எப்போது நிறுத்துவது என்று மூளை முன்னதாகவே ஒரு கணக்குப் போடுகிறது. நாலைந்து நாள் ஆற்றினால் அந்தக் கணக்கு கையில் படிந்துவிடும். பிறகு ஊர்க்கதை பேசிக்கொண்டே ஆற்றலாம். டிஸ்ப்ராக்ஸியா உள்ளவர்களுக்கு அது லேசில் படிவதில்லை. நூறாவது தடவையும் முதல் தடவை மாதிரியே முழுக் கவனமும் வேண்டும். சாயங்காலம் அவர்கள் துவண்டுபோவதைச் சோம்பல் என்று சொல்வது அநியாயம்.

5 முதல் 11 வயதுப் பிள்ளைகளில் 5, 6 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக மருத்துவக் கணக்கு. காரணம் இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. குறைமாதத்தில், எடை குறைவாகப் பிறந்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம். அறிவுத்திறனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'வளர்ந்தா சரியாயிடும்' என்பார்கள்; பலருக்கு ஆவதில்லை. ஹாரி பாட்டர் படங்களில் நடித்த டேனியல் ராட்க்ளிஃப் தனக்கு லேசான டிஸ்ப்ராக்ஸியா இருப்பதாக 2008இல் வெளியே சொன்னார். அப்போதும் ஷூ லேஸ் கட்டுவது அவருக்குத் தகராறுதான்.

இருபதுகளில் ஏன் பெரிதாகிறது

பள்ளி நாட்களில் தலைவாரிவிட, பையை அடுக்கித்தர அம்மா இருந்தார். கல்லூரி, வேலை என்று போனதும் எல்லாம் ஒரே சமயத்தில் வந்து விழுகிறது: ஸ்கூட்டர், புடவை மடிப்பு, ஹாஸ்டல் துணி, எதை முதலில் செய்வது என்ற குழப்பம். பஃபே வரிசையில் ஒரு கையில் தட்டு, மறு கையில் கரண்டி, பின்னால் நிற்பவரின் அவசரம். பலர் விருந்துக்குப் போவதையே விட்டுவிடுகிறார்கள். பதற்றமும் மனச்சோர்வும் இந்த வழியாகத்தான் உள்ளே நுழைகின்றன. ஏடிஹெச்டி என்ற கவனச்சிதறல் கோளாறு கூடவே இருப்பதும் உண்டு.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். டிஸ்ப்ராக்ஸியா சின்ன வயதிலிருந்தே இருப்பது. நன்றாக இருந்த கை திடீரென்று தடுமாறினால் அது வேறு. தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

கையைத் திட்டாமல் வேலையை உடைப்பது

மாத்திரை கிடையாது. போக வேண்டியது அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம். கனடாவில் உருவான ஒரு முறை இப்போது பல நாடுகளில் புழங்குகிறது: என்ன செய்யப்போகிறோம், எப்படி, செய்து பார், சரியாக வந்ததா என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வது. தெரபிஸ்ட் எங்கள் பெண்ணிடம் பந்து கொடுத்துப் பிடிக்கச் சொல்லவில்லை. காபியையே ஆற்றச் சொன்னார். அவள் கண் ஊற்றும் டம்ளரிலேயே நிற்பதை அவளே கண்டுபிடித்தாள். பார்வையைக் கீழே டபராவுக்கு மாற்றினாள். டம்ளரைப் பாதி மட்டும் நிரப்பினாள், உயரத்தை ஒரு சாணாகக் குறைத்தாள், டபராவைச் சிங்க்குக்குள் வைத்துக்கொண்டாள். "சிங்க்குக்குள்ள வச்சா ஆத்துவாங்க?" என்றார் பாட்டி. நான் அவள் கட்சி, காபி சிந்தவில்லையே!

மற்றதற்கும் இப்படித்தான். கியர் இல்லாத ஸ்கூட்டர், காலி மைதானம், முதல் வாரம் பிரேக் மட்டும். முன்கூட்டியே மடிப்புத் தைத்த புடவை. சாவிக்கு வாசலில் ஓர் ஆணி.

சட்டத்தில் பெயர் இருக்கிறது

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளின் கீழ் டிஸ்ப்ராக்ஸியாவையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. ஆனால் சலுகைகள் பலவற்றுக்கும் 40 சதவீதக் குறைபாடு என்ற சான்று வேண்டும். அதற்கான சோதனைகளோ பெரும்பாலும் வாசிப்பு, எழுத்து, கணக்கை அளப்பவை. காபி சிந்தும் கை அதில் அகப்படாது.

சான்றிதழுக்கு அலையாமல் அவள் தன் மேலாளரிடமே போனாள். கேட்டது இரண்டு: வேலைகளை வாயால் சொல்லாமல் எழுதித் தர வேண்டும், ஆள் நடமாடும் வழியில் இல்லாமல் மூலையில் ஓர் இருக்கை வேண்டும். மறுவாரமே இரண்டும் கிடைத்தன.