பனிச்சறுக்குப் பருவம்

பனிச்சறுக்குப் பருவம் என்பது, மலைச்சரிவுகளில் சறுக்குவதற்குப் போதிய பனி நிலைத்திருந்து, பனிச்சறுக்குக் களங்கள் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் காலப்பகுதியைக் குறிக்கும். வட அரைக்கோளத்தில் இது பொதுவாக நவம்பர் இறுதியில் அல்லது டிசம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடிவடைகிறது. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, சிலி, அர்ஜென்டினா ஆகிய தென் அரைக்கோள நாடுகளில் இது சூன் மாதத்தில் தொடங்கி செப்டம்பர் அல்லது அக்டோபர் வரை நீடிக்கும். ஒரு பருவத்தில் ஒருவர் களத்திற்குச் சென்று சறுக்கிய நாட்கள், பனிச்சறுக்கு நாட்கள் என எண்ணப்படுகின்றன.

பருவத்தின் முடிவு

பனி முழுவதும் உருகிய பின்னரே களங்கள் மூடப்படுகின்றன என்பது பரவலான எண்ணமாகும். உயரமான மலைகளில் பெரும்பாலும் அவ்வாறு நிகழ்வதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநில மலைகளில் பனியின் நீரளவு ஏறத்தாழ ஏப்ரல் மாதத்திலேயே உச்சத்தை அடைகிறது. எனினும், பள்ளத்தாக்குகளில் வசந்தம் தொடங்கியதும் மக்கள் வேறு பொழுதுபோக்குகளுக்குத் திரும்புவதால் களத்திற்கு வருவோர் குறைகின்றனர். கம்பிவட நாற்காலிகளை இயக்கும் செலவு வருமானத்தை விஞ்சும்போது களங்கள் மூடப்படுகின்றன.

கொலராடோவின் ஆரப்பாகோ பேசின், வெர்மான்ட் மாநிலத்தின் கில்லிங்டன் போன்ற சில களங்கள் பல ஆண்டுகளில் மே இறுதி அல்லது சூன் வரை இயங்கியுள்ளன. 2020 மார்ச்சில் கொரோனா பெருந்தொற்றினால் வட அமெரிக்கக் களங்கள் சரிவுகளில் பனி நிறைந்திருந்த நிலையிலேயே மூடப்பட்டன. பல குடும்பங்களுக்கு அப்பருவம் முன்னறிவிப்பின்றி முடிவுற்றது.

வசந்தகாலப் பனி

பருவ இறுதியில் பனி பகலில் உருகி இரவில் மீண்டும் உறைகிறது. இச்சுழற்சி பலமுறை நிகழும்போது நுண்ணிய பனித்துகள்கள் ஒன்றிணைந்து பெரிய உருண்டை மணிகளாகின்றன. மக்காச்சோள மணிகளை ஒத்திருப்பதால் இது கார்ன் ஸ்னோ எனப்படுகிறது. இவ்வகைப் பனி காலையில் கடினமாக இருக்கும். வெயில் ஏறியதும் மேற்பரப்பு இளகிச் சறுக்குவதற்கு ஏற்றதாகும். பிற்பகலில் சேறுபோல் குழையும். இரவில் உறையாத நாட்களில் ஈரப் பனிச்சரிவு ஏற்படும் வாய்ப்பு அதிகம்.

நாட்களை எண்ணுதல்

அமெரிக்கக் களங்களின் வழக்கப்படி, ஒருவர் நாளின் எப்பகுதியில் வந்தாலும் அது ஒரு வருகையாகக் கொள்ளப்படும். தனிப்பட்டோரும் பெரும்பாலும் இவ்வாறே எண்ணுகின்றனர். ஒருமுறை மட்டும் சறுக்கினாலும் அது ஒரு நாளே.

முன்னர், மேலாடையின் இழுபூட்டில் கோர்த்த காகித நுழைவுச்சீட்டுகளும் நாட்குறிப்புகளும் கணக்கு வைக்கப் பயன்பட்டன. பின்னர் சீட்டுகளில் பொருத்தப்பட்ட வானொலி அலைச் சில்லுகள் இப்பணியை ஏற்றன. வேல் ரிசார்ட்ஸ் நிறுவனம் 2010 இல் அறிமுகப்படுத்திய எபிக்மிக்ஸ் என்னும் சேவை, நாட்களுடன் சறுக்கி இறங்கிய மொத்த உயரத்தையும் பதிவு செய்தது.

தொடர்ச்சியான நாட்களுக்குப் புகழ்பெற்றவர் கொலராடோவைச் சேர்ந்த ரெய்னர் ஹெர்ட்ரிச் ஆவார். 2003 நவம்பர் 1 முதல் 2012 சனவரி 10 வரை ஒரு நாளும் விடாமல் 2,993 நாட்கள் சறுக்கிய இவர், இதயத்துடிப்புக் கோளாறு காரணமாக இத்தொடரை நிறுத்தினார்.

குடும்பங்களும் பருவச்சீட்டும்

பருவம் முழுவதற்கும் செல்லும் பருவச்சீட்டை வாங்கும் குடும்பங்களுக்கு இக்கணக்கு செலவுக் கணக்காகவும் அமைகிறது. எடுத்துக்காட்டாக, ஒருவருக்கான சீட்டு 800 டாலர் எனின், 8 நாட்கள் சென்றால் நாளொன்றுக்கு 100 டாலரும், 20 நாட்கள் சென்றால் 40 டாலரும் ஆகும். அடுத்த பருவத்திற்கான சீட்டுகள் வசந்த காலத்திலேயே குறைந்த விலையில் விற்பனைக்கு வருவதால், முடிவுறும் பருவத்தின் எண்ணிக்கையே அம்முடிவுக்கு அடிப்படையாகிறது. குழந்தைகளின் கால்கள் விரைவாக வளர்வதால், காலணிகளையும் சறுக்குப் பலகைகளையும் பருவ வாடகைக்கு எடுத்து இறுதியில் திருப்பித் தருவது வழக்கம். சொந்தப் பலகைகளுக்கு மெழுகு பூசப்பட்டு, உலோக விளிம்புகள் துருப்பிடிக்காமல் பாதுகாக்கப்படுகின்றன.

காலநிலை மாற்றத்தின் தாக்கம்

சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலைகளில் 11 நிலையங்களின் பதிவுகளை ஆராய்ந்து 2016 இல் வெளியான ஆய்வு, 1970 உடன் ஒப்பிடுகையில் 2015 அளவில் பனி மூடிய காலம் சராசரியாக 12 நாட்கள் தாமதமாகத் தொடங்கி 26 நாட்கள் முன்னதாக முடிவடைந்ததைக் காட்டியது. அதாவது, இழப்பின் பெரும்பகுதி பருவ இறுதியில் நேர்ந்துள்ளது. தொடக்கத்தில் ஏற்படும் குறையைச் செயற்கைப் பனியால் ஓரளவு ஈடுசெய்யலாம். ஆனால் அதனை உருவாக்கக் குளிர்ந்த, உலர்ந்த காற்று தேவை. வசந்தத்தில் இரவுகளும் வெப்பமடையும்போது அதற்கு வழியில்லை. பொலிவியாவில் சக்கல்தாயா களத்திற்கு ஆதாரமாக இருந்த பனியாறு 2009 இல் முற்றிலும் மறைந்துவிட்டது. இதனால், குடும்பங்கள் ஆண்டுதோறும் குறித்து வைக்கும் இறுதி நாளின் தேதியும், மலைகளில் நிகழும் மாற்றத்தை உணர்த்தும் ஒரு பதிவாகிறது.