படம் மங்கலா? கோளாறு எங்கே என்று படமே சொல்லும்!

தாதர் ரயில் நிலையத்தில்தான் என் தந்தையைக் கடைசியாகப் படம் எடுத்தேன். தாராவியில் தோல்பைப் பட்டறையில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர். வேலை போதும் என்று சாளுக்கியா எக்ஸ்பிரசில் ஊருக்குப் புறப்பட்டார். கைக்கெட்டும் தூரத்தில் நின்றவரை அவசரமாகச் செல்போனில் ஒரே ஒரு படம் எடுத்தேன். வண்டி நகர்ந்துவிட்டது.

ஆறாவது மாதம் அவர் காலமானார். அந்தப் படத்தைப் பெரிதாக்கி மாட்டலாம் என்று மாட்டுங்காவில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். பின்னால் பெட்டியில் இருந்த திருநெல்வேலி என்ற பலகை எழுத்து எழுத்தாகத் தெரிகிறது. அப்பாவின் முகம் மட்டும் மங்கல்!

"லென்சில் கோளாறு இல்லை, தம்பி. இருந்தால் பலகையும் மங்கியிருக்கும். போன் பலகையைப் பார்த்துவிட்டது" என்றார் ஸ்டூடியோ பெரியவர். மங்கலில் நான்கு வகை உண்டு என்று அன்று அவரிடம் கற்றதை இங்கே தருகிறேன்.

முகம் மங்கல், பின்னணி தெளிவு

இது குவியம் தவறியதால் வருவது. செல்போன் திரையில் முகத்தின் மேல் விரலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். பிறகு படம் எடுங்கள். மிக நெருங்கிவிட்டாலும் லென்சால் குவிக்க முடியாது. ஓர் அடி பின்னால் வாருங்கள்.

எல்லாம் ஒரே பக்கம் இழுபட்டிருந்தால்

கை ஆடியிருக்கிறது. குழல் விளக்கு ஒன்று மட்டும் எரியும் அறையில் கேமராவுக்கு வெளிச்சம் போதாது. அதனால் அதன் கண் அதிக நேரம் திறந்திருக்கும். அந்த நேரத்தில் கை அசைந்தால் படமும் அசையும். முழங்கைகளை உடம்போடு ஒட்டி, சுவரில் சாய்ந்து எடுங்கள். பழைய பிலிம் கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கு: லென்ஸ் 50 மில்லிமீட்டர் என்றால், விநாடியில் 50-ல் ஒரு பங்குக்கும் குறைந்த வேகத்தில் கையில் பிடித்து எடுக்கக் கூடாது.

படம் முழுதும் பால் ஊற்றியதுபோல் இருந்தால்

லென்சில் விரல் எண்ணெய் அல்லது நீராவி படிந்திருக்கிறது. விளக்கைச் சுற்றிக் கோடு கோடாக ஒளி சிதறினால் எண்ணெய்தான். முதலில் தூசியை ஊதிவிட்டு, மூக்குக் கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடையுங்கள். வியர்வைச் சட்டை நுனி வேண்டாம்.

ஏ.சி. லோக்கலிலிருந்து இறங்கியதும் படம் எடுத்தால் மங்குவதும் இதனால்தான். குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படிகிறது. பத்து, பதினைந்து நிமிடம் பையிலேயே வைத்திருங்கள். தானே தெளியும்.

எந்தப் படத்திலும் அதே மங்கல்

துடைத்தும் போகாவிட்டால் லென்சை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலைபோல் இழை தெரிகிறதா? அது பூஞ்சை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையின் ஈரக்காற்று அதற்குச் சாப்பாடு போட்டு வளர்க்கிறது. தோலுறை ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஆகவே மழைக்காலத்தில் கேமராவை அதிலிருந்து எடுத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள். பூஞ்சை பிடித்துவிட்டால் நீங்களே கழற்றாதீர்கள். கோட்டைப் பகுதி போரா பஜாரில் பழுது பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

விண்வெளியிலும் மங்கல்!

இந்தத் தொல்லை நமக்கு மட்டுமல்ல. 1990 ஏப்ரலில் அமெரிக்கா விண்ணுக்கு அனுப்பிய ஹப்பிள் தொலைநோக்கியும் மங்கலான படங்களையே அனுப்பியது. 2.4 மீட்டர் அகலமுள்ள அதன் கண்ணாடியின் ஓரம், தலைமயிரின் பருமனில் சுமார் 50-ல் ஒரு பங்கு அளவுக்குத் தவறாகத் தேய்க்கப்பட்டிருந்தது. விஞ்ஞானிகள் அதைத் தூக்கி எறியவில்லை. மங்கல் எப்படிப்பட்டது என்று ஆராய்ந்து, 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்களை அனுப்பித் திருத்தும் கருவியைப் பொருத்தினார்கள். படம் தெளிந்தது.

எனவே படம் மங்கினால் உடனே புதுப் போன் வாங்கக் கிளம்ப வேண்டாம். மங்கலை உற்றுப் பாருங்கள். ஊருக்குப் போகிறவர்களைப் படம் எடுத்தால், வண்டி நகரும் முன்பே முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சரியில்லை என்றால் இன்னொன்று எடுங்கள்.

எங்கள் வீட்டுச் சுவரில் இருப்பது அப்பாவின் பழைய அடையாள அட்டைப் படம். தாதரில் எடுத்ததையும் அழிக்கவில்லை. இன்றும் அதில் ஊர்ப் பெயர் மட்டும் தெளிவாக இருக்கிறது.