ஈரடிப்பு எஞ்சினில் நெருக்கல் குறைதல்: கண்டறிதலும் திருத்தலும்

நெல்வயலில் கபிலநிறத் தத்தி பெருகி, மருந்து தெளித்தே ஆகவேண்டும் எனத் தீர்மானித்த கமக்காரருக்குக் கிடைக்கும் அவகாசம் சில நாட்களேயாகும். அவ்வேளையில் முதுகில் சுமக்கும் விசைத்தெளிகருவி இயங்க மறுப்பின், வயலின் விளைவே இழக்கப்படலாம். காய்கறிக் கமக்காரரின் நிலையும் இத்தகையதே. களனி கங்கையை அண்டிய தாழ்நிலங்களிற் பயிர்செய்து, விளைபொருளை விடியுமுன் பேலியகொடை மெனிங் சந்தைக்குச் சேர்ப்பிக்க வேண்டிய ஒருவரின் புல்வெட்டும் இயந்திரம் ஒரு வாரம் கராஜில் முடங்கினால், அவ்வாரத்து வேலை முழுவதற்கும் கூலியாள் தேடவேண்டியிருக்கும்.

இக்கருவிகளுட் பல ஈரடிப்பு எஞ்சினால் இயங்குவன. சேற்றிலும் மேட்டிலும் ஓடும் பந்தய மோட்டார்ச் சைக்கிள்கள் பலவற்றில் உள்ளதும் இவ்வகை எஞ்சினே. 2008ஆம் ஆண்டில் ஈரடிப்பு முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி இலங்கையில் தடைசெய்யப்பட்டபின், வீதியில் இவ்வகை எஞ்சின் அரிதாகி வருகின்றது. ஆகவே அதனை வைத்திருக்கும் கமக்காரர் அதன் இயல்பைத் தாமே அறிந்திருத்தல் நன்று.

இவ்வெஞ்சின்களுக்கு வரும் நோய்களுள் முதன்மையானது நெருக்கல் குறைதலாகும். இதனைக் ‘கொம்பிரஷன் போய்விட்டது’ என்பர். புது வளையம் போட்டால் நோய் தீரும் என்று பலர் எண்ணுகின்றனர். பழைய வளையம் எதனாற் கெட்டது என்று அறியாமற் போட்டால், புது வளையமும் விரைவில் அவ்வாறே கெடும். ஆதலால், திறக்குமுன் சோதித்தலும் திறந்தபின் காரணம் காண்டலும் இன்றியமையாதன.

நெருக்கல் என்பது யாது?

உருளையினுள்ளே பிஸ்டன் மேலெழும்போது, பெற்றோலும் காற்றும் கலந்த கலவை சிறு இடத்துள் அடக்கப்படுகின்றது. இதுவே நெருக்கல். நன்கு நெருக்கப்பட்ட கலவையே தீப்பொறி பட்டதும் வலுவுடன் எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும்.

ஈரடிப்பு எஞ்சினில் இரண்டு நெருக்கல்கள் உள. பிஸ்டனுக்கு மேலே நிகழ்வது ஒன்று. பிஸ்டன் கீழிறங்கும்போது அதற்குக் கீழேயுள்ள கிராங்கறையில் நிகழ்வது மற்றொன்று. ஜோசப் டே என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் 1891ஆம் ஆண்டில் உரிமம் பெற்ற அமைப்பின் வழிவந்தது இம்முறை. கிராங்கறையிற் சிறிது நெருக்கப்பட்ட கலவை, உருளைச் சுவரிலுள்ள துவாரங்கள் வழியாக மேலே செல்கின்றது. இத்துவாரங்களைத் திறப்பதும் மூடுவதும் பிஸ்டனே. எனவே பிஸ்டனும் வளையமும் உருளைச் சுவரும் பழுதின்றி இருந்தாலன்றி எஞ்சின் இயங்காது.

அறிகுறிகள்

கயிற்றை இழுக்கும்போது கையில் எதிர்ப்புத் தோன்றாமல் இலகுவாக வருதல். குளிர்ந்த நிலையில் இயங்கி, சூடேறி நின்றபின் மீண்டும் இயங்க மறுத்தல். வெறுமனே ஓடி, பாரம் ஏற்றியதும் தளர்ந்து நிற்றல் ஆகியன நெருக்கல் குறைந்தமைக்கு அடையாளங்களாம்.

எனினும், இவற்றை ஒத்த வேறு குறைகளும் உண்டு. சைலன்சரும் வெளிவிடு துவாரமும் கரியால் அடைபட்டாலும் வலு குறையும். ஆனால் கயிற்றில் எதிர்ப்பு வழமைபோல் இருக்கும். கழிவு செல்ல வழியின்மையே அங்கு குறை. காற்றுவடி அடைபடினும் எஞ்சின் தளரும். முதலில் இவற்றைச் சுத்தஞ்செய்து பார்த்தல் வேண்டும்.

சோதிக்கும் முறை

சோதனைக்குமுன் கருவியை நன்கு கழுவி, அதில் ஒட்டியுள்ள நாசினி மருந்தை நீக்குக. கையுறை அணிக. பெற்றோல் தாங்கியை மூடி அப்புறப்படுத்துக. பிளக்கிலிருந்து கழற்றிய மின்கம்பியை எஞ்சினின் உலோகத்தோடு தொடுத்து வைக்க. பிளக் துவாரத்தினருகே தீப்பொறி பாயவிடுதல் ஆபத்தாகும்.

1. பிளக்கைப் பார்க்க. அதன் அடியிலுள்ள வளையத்தகடு நசிந்தோ பிளந்தோ இருப்பின் நெருக்கல் அவ்வழியே வெளியேறும். பிளக் தளர்ந்திருந்தாலும் அவ்வாறே. செலவற்ற இக்குறையை முதலில் தேடுக.

2. மூட்டுகளிற் சவர்க்கார நீர் பூசுக. பிளக்கைப் பூட்டி, அதன் அடியிலும், தனித் தலைப்பாகம் உள்ள எஞ்சினாயின் தலையும் உருளையும் பொருந்தும் இடத்திலும் சவர்க்கார நீரைத் தடவிக் கயிற்றை மெதுவாக இழுக்க. குமிழி எழும் இடமே காற்றுக் கசியும் இடம். சிறு எஞ்சின்கள் பலவற்றில் தலையும் உருளையும் ஒரே வார்ப்பாக இருக்கும். அவற்றில் தலைக் காஸ்கட் இல்லை.

3. நெருக்கல்மானியால் அளக்க. பிளக்கைக் கழற்றி அவ்விடத்தில் மானியைப் பொருத்தி, வேகநெம்பை முழுதும் திறந்து, ஊசி மேலும் ஏறாது நிற்கும் வரை ஆறு அல்லது எட்டு முறை கயிற்றை இழுக்க. சிறு ஈரடிப்பு எஞ்சின்களிற் பொதுவாகச் சதுர அங்குலத்திற்கு 100 முதல் 150 இறாத்தல் வரை காட்டும். 90 இறாத்தலுக்குக் குறையின் இயங்குதல் கடினமாகும். கருவியின் கைந்நூலில் அளவு தரப்பட்டிருப்பின் அதனையே கொள்க. எஞ்சின் நல்ல நிலையில் இருக்கும்போதே ஒருமுறை அளந்து குறித்து வைத்தல் மிகப் பயன்படும்.

4. எண்ணெய் இட்டு மீண்டும் அளக்க. பிளக் துவாரம் வழியாக அரைத் தேக்கரண்டி எஞ்சின் எண்ணெயை விட்டு, சிலமுறை மெதுவாகச் சுழற்றியபின் அளக்க. அளவு தெளிவாக ஏறின், வளையமோ உருளைச் சுவரோ தேய்ந்துள்ளது. ஏறாவிடின், தலைக் காஸ்கட், பிளக் இருக்கை, வெடிப்பு, பிஸ்டனில் துளை ஆகியவற்றுள் ஒன்று காரணமாகலாம். எண்ணெயைக் கூடுதலாக விட்டால் இடம் குறைந்து மானி பொய்யளவு காட்டும்.

5. வெளிவிடு துவாரத்தினூடே பார்க்க. சைலன்சரைக் கழற்றி, மின்சூள் ஒளியில் பிஸ்டனின் பக்கத்தையும் வளையத்தையும் நோக்குக. எஞ்சினைத் திறவாமலே அறியத்தக்க செய்திகள் இங்கு மிகுதி.

மானி நல்ல அளவு காட்டியும் எஞ்சின் ஒழுங்காக இயங்காமல், வேகநெம்பைத் தாழ்த்தியபின்னும் தானே வேகமெடுத்து ஓடினால், கிராங்கறையின் நெருக்கலை ஐயுறுக. கிராங்குத் தண்டின் இருபுறமுள்ள எண்ணெய்த்தடைகள், உருளையின் அடிக் காஸ்கட், காபரேற்றர் மூட்டு ஆகியவற்றின் வழியே வெளிக்காற்று உட்புகும். அதனாற் கலவையிற் பெற்றோலும் எண்ணெயும் குறைந்து, எஞ்சின் சூடேறி, ஈற்றில் பிஸ்டன் உருகவும் கூடும். அத்தகைய எஞ்சினைத் தொடர்ந்து ஓட்டலாகாது.

பிஸ்டன் காட்டும் காரணம்

பிஸ்டனின் கீறல்கள் நோயின் வரலாற்றைக் காட்டுவன. வெளிவிடு துவாரப் பக்கத்தில் மட்டும் நெடுங்கீறல்கள் இருப்பின், மிகுந்த சூடு காரணமாகும். கலவையிற் பெற்றோல் குறைவு, அடைபட்ட குளிராக்கிச் செட்டைகள், காற்றுக் கசிவு ஆகியவற்றைத் தேடுக. உள்ளெடு துவாரப் பக்கத்தில் மங்கலான தேய்வும் கீறலும் காணப்படின், காற்றுவடியைக் கடந்து தூசி புகுந்துள்ளது. சுற்றுமுற்றும் கீறியிருப்பின், பெற்றோலில் எண்ணெய் கலவாமல் ஓட்டப்பட்டிருக்க வேண்டும். கீறலின்றி வளையம் மட்டும் அசையாது பள்ளத்தில் ஒட்டியிருப்பின், கரியே காரணம்; பொருந்தாத எண்ணெயோ மிகையான எண்ணெயோ பயன்பட்டதை அது காட்டும்.

திருத்தும் முறை

வளையம் ஒட்டியிருப்பின், அதனை உடையாமற் கழற்றிப் பள்ளத்திலுள்ள கரியைச் சுரண்டுக. முறிந்த பழைய வளையத் துண்டு இதற்கு ஏற்ற கருவி. துவாரத்துக் கரியை மரக்குச்சியாற் சுரண்டும்போது, பிஸ்டன் துவாரத்தை மூடி நிற்கும்படி வைத்தால் கரி உள்ளே விழாது.

வளையத்தின் தேய்வை அறிய, அதனை மட்டும் உருளையுள் இட்டு, பிஸ்டனால் நேராகத் தள்ளி, முனைகளுக்கிடையேயுள்ள இடைவெளியை அளவுத்தகட்டால் அளக்க. உருளை விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்திற்கும் ஏறத்தாழ ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் நான்கு பங்கு இடைவெளி புது வளையத்துக்குப் பொருத்தமாகும். கைந்நூலில் உள்ள எல்லையைக் கடந்திருப்பின் மாற்றுக.

உருளை வார்ப்பிரும்பினாலாயின், துளையைச் சிறிது பெரிதாக்கிப் பெரிய பிஸ்டன் இடலாம். சிறு கருவிகளின் அலுமினிய உருளைகளிற் பலவற்றுக்கு உட்புறம் மெல்லிய கடின முலாம் உண்டு. அதனை அரத்தாலோ உப்புத்தாளாலோ தேய்க்கலாகாது. முலாம் உரிந்திருப்பின் உருளையையும் பிஸ்டனையும் ஒருங்கே மாற்றுதலே வழி; அதில் புது வளையம் இடுவது வீண் செலவாகும்.

மீளப் பூட்டும்போது மூன்று கவனங்கள் வேண்டும். பிஸ்டனின் மேலுள்ள அம்புக்குறி பெரும்பாலும் வெளிவிடு துவாரத்தை நோக்க வேண்டும். வளையத்தின் முனைகள், பள்ளத்திலுள்ள சிறு முளையின் இருபுறமும் அமைய வேண்டும். தவறின் வளையம் துவாரத்திற் சிக்கி முறியும். பிஸ்டன் ஊசியைத் தடுத்து நிற்கும் கம்பிப்பூட்டுகளைப் புதியனவாகவே இடுக. பூட்டியபின், முதல் தாங்கிப் பெற்றோல் தீரும் வரை முழுப்பாரம் ஏற்றாது ஓட்டுக.

வெள்ளத்தில் அமிழ்ந்த எஞ்சின்

2016ஆம் ஆண்டு மே மாதத்திற்போலக் களனி கங்கை பெருக்கெடுக்குங் காலங்களில் கருவிகள் நீரில் அமிழ்வதுண்டு. அவ்வாறு அமிழ்ந்த எஞ்சினை உடனே இயக்க முயலலாகாது. பிளக், காற்றுவடி, சைலன்சர் ஆகியவற்றைக் கழற்றி, தாங்கியை வெறுமையாக்கி, பிளக் துவாரம் கீழ்நோக்க வைத்துக் கயிற்றை மெதுவாக இழுத்து நீரை வெளியேற்றுக. நீர் வடிந்தபின் சிறிது எண்ணெய் விட்டுச் சுழற்றுக. அன்றே இதனைச் செய்யாவிடின் வளையமும் தாங்குருளைகளும் துருப்பிடிக்கும். சேற்றுநீர் புகுந்திருப்பின் எஞ்சினை முழுதும் பிரித்துக் கழுவுதல் வேண்டும்.

வருமுன் காத்தல்

பெற்றோலுடன் ஈரடிப்பு எஞ்சினுக்குரிய எண்ணெயையே கலக்க. உழவு இயந்திர எண்ணெய் ஏற்றதன்று. 25க்கு 1 என விதித்திருப்பின் ஒரு லீற்றருக்கு 40 மில்லிலீற்றரும், 50க்கு 1 எனின் 20 மில்லிலீற்றரும் அளந்து இடுக. கண்மதிப்பாற் கலப்பதே பல எஞ்சின்களின் கேட்டுக்குக் காரணம். மண்ணெண்ணெய் சேர்ப்பது, சிக்கனம்போலத் தோன்றினும், சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவி வளையத்தைத் தேய்க்கும். கலந்த பெற்றோலை ஒரு மாதத்துக்குமேல் வைத்துப் பயன்படுத்தற்க.

பஞ்சுக் காற்றுவடியைச் சவர்க்கார நீரிற் கழுவி உலர்த்துக. கடதாசி வடியை நீரிலிடாது தட்டித் தூசி நீக்குக. பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் இடையே கருவி ஓய்ந்திருக்குங் காலத்தில், தாங்கியையும் காபரேற்றரையும் வெறுமையாக்கி, பிளக் துவாரத்திற் சில துளி எண்ணெய் விட்டு மெதுவாகச் சுழற்றி வைக்க. போகந் தொடங்குமுன்னரே நெருக்கலை அளந்து பார்க்கும் கமக்காரருக்கு, பழுது தோன்றினும் அதனைத் திருத்தப் போதிய காலம் கிடைக்கும். ஐயமுளதாயின் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கலந்து கொள்க.