தங்கமீன் வளர்ப்போம்



சிரம்பானிலோ பகாவிலோ இரவுச் சந்தைக்குப் போய்த் திரும்பும் பிள்ளைகளின் கையில் சில வேளை ஒரு பிளாஸ்டிக் பை தொங்குவதைப் பார்க்கிறோம். பைக்குள் சிறிது தண்ணீர், அதில் ஒரு தங்கமீன். வீட்டுக்கு வந்ததும் பழைய மிட்டாய்ப் போத்தலைக் கழுவி, குழாய் நீரைப் பிடித்து, மீனை உள்ளே விடுகிறோம். நாலாம் நாள் மீன் மல்லாந்து மிதக்கிறது. பிள்ளை அழுகிறது. "தங்கமீனுக்கு ஆயுசே அவ்வளவுதான்" என்று ஆறுதல் சொல்கிறோம்.

அது உண்மையல்ல. ஒழுங்காக வளர்த்தால் தங்கமீன் 10 ஆண்டுக்கு மேலும் இருக்கும். இங்கிலாந்தில் 1956ஆம் ஆண்டு ஒரு கேளிக்கைச் சந்தையில் பரிசாகக் கிடைத்த 'டிஷ்' என்னும் தங்கமீன், 43 ஆண்டுகள் வாழ்ந்து 1999இல்தான் இறந்தது. அப்படியானால் நம் வீட்டு மீன் ஏன் நாலே நாளில் போகிறது?

இதற்கு விடை பால்மரத் தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்களுக்கு எளிதில் விளங்கும். எடுத்த பால் உறைந்துவிடாமல் இருக்க அமோனியா சேர்ப்பார்கள் அல்லவா? மூக்கைத் துளைத்து, கண்ணில் நீர் வரவைக்கும் அந்த நெடியை மறக்க முடியுமா? அதே அமோனியாவைத்தான் மீன் தன் கழிவாகச் செவுள் வழியே தண்ணீரில் விட்டுக்கொண்டே இருக்கிறது. ஆறு, குளத்தில் அது கரைந்து போகும். மூன்று லிட்டர் போத்தலில் எங்கே போகும்? மீன் தன் கழிவையே சுவாசித்துச் செவுள் வெந்து சாகிறது. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தாலும் இது நடக்கும். கண்ணுக்குத் தெரியாத நஞ்சு அது.

ஆகவே முதல் தேவை இடம். ஒரு மீனுக்கு 40 லிட்டர் தண்ணீராவது வேண்டும். விலை கொடுத்துக் கண்ணாடித் தொட்டிதான் வாங்க வேண்டும் என்பதில்லை. துணி ஊறவைக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டி போதும். ஆனால் களைக்கொல்லி, பூச்சி மருந்து வந்த தோம்பை எத்தனை முறை கழுவினாலும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

இரண்டாவது, நல்ல கிருமிகள். கிருமி என்றால் எல்லாம் கெட்டது என்று எண்ண வேண்டாம். தொட்டியின் சுவரிலும் கூழாங்கல்லிலும் வடிகட்டிப் பஞ்சிலும் ஒட்டி வளரும் ஒருவகைக் கிருமிகள் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். வேறொரு வகை அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். இந்தக் கூட்டம் பெருகி நிலைபெற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நம் வீட்டுச் சுத்தக்காரத் தாய்மார்கள் வாரம் தவறாமல் தொட்டியைக் கவிழ்த்து, சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவுவதால்தான் பல மீன்கள் சாகின்றன! அப்படிச் செய்யாமல், வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டுப் புதுநீர் ஊற்றுங்கள். பஞ்சையும் குழாயடியில் அலசாமல், வெளியே எடுத்த அந்தப் பழைய நீரிலேயே அலசுங்கள். முதல் ஆறு வாரம் வாரத்தில் இரண்டு மூன்று முறை நீர் மாற்றுவது நல்லது.

ஊற்றும் நீர் எது? குழாய் நீரில் குளோரின் உண்டு. நமக்கு அது காவல், மீனின் செவுளுக்கு எரிச்சல். வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும். கடையில் விற்கும் குளோரின் நீக்கும் மருந்து இன்னும் உறுதி. தகரக் கூரையில் வழிந்த மழைநீர் வேண்டாம். அதில் தாது உப்பு குறைவு. துத்தநாகம் பூசிய தகரத்திலிருந்து கரைவதும் மீனுக்கு ஆகாது. பிடித்து வைத்த வாளியை வலைத்துணியால் மூடி, அடுத்த நாளே பயன்படுத்திவிட வேண்டும். ஒரு வாரம் மறந்து விட்டால் ஏடிஸ் கொசு அதில் குஞ்சு பொரித்துவிடும். தொட்டியில் விழுந்த கொசுப்புழுவை மீனே தின்றுவிடும், வாளியைக் காக்க யார் இருக்கிறார்கள்?

தங்கமீன் சீன நாட்டது. ஆயிரம் ஆண்டுக்கு முன் அங்கே கெண்டை இனத்து மீனிலிருந்து வளர்த்தெடுத்தார்கள். குளிர்ந்த நீரே அதற்குப் பிடித்தம். நம் தகரக்கூரை லயன் வீட்டிலோ பகலில் அனல். தண்ணீர் 20 பாகையில் இருக்கும்போது லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கும். 30 பாகையில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். சூடு ஏற ஏற அமோனியாவின் கடுமையும் கூடும். எனவே சன்னல் வெயில் படாத இடத்தில், தரையோரம் வைத்து, காற்றுப் பம்பு ஓடவிடுங்கள். மின்சாரம் போனால் ஒரு குவளையால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தாலும் உயிர் தப்பும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது பசி என்று நினைத்துத் தீனி போடுகிறோம். பல நேரம் அது மூச்சுத் திணறல்.

தீனி விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது, போட்டதையெல்லாம் தின்னும். இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு, நாளைக்கு ஒன்றிரண்டு முறை. சோறும் ரொட்டியும் வேண்டாம், அழுகி நீரைக் கெடுக்கும். வயிறு உப்பினால் ஒருநாள் பட்டினி போட்டு, அவித்துத் தோல் உரித்த பட்டாணியை நசுக்கிக் கொடுக்கலாம். நாலு பிள்ளைகள் உள்ள வீட்டில் நாலு பேரும் தீனி போடுவார்கள், ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

செம்பனைக்கு மருந்து அடித்து வந்த கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் தொட்டிக்குள் விடக் கூடாது. கொசுவர்த்தியில் உள்ள பைரெத்திராய்டு வகை மருந்து நமக்கு அதிகம் செய்யாது, மீனுக்கு எமன். தொட்டி அருகே அதைக் கொளுத்த வேண்டாம். டிங்கிக்குப் புகை அடிக்க வருகிறார்கள் என்றால், பம்பை நிறுத்தி, தொட்டியை ஈரத் துணியால் மூடிவிட்டு வெளியே போங்கள். புகை கலைந்ததும் மறக்காமல் திறந்து பம்பைப் போடுங்கள்.

வளர்ந்துவிட்டது, வைத்துக்கொள்ள இடமில்லை என்று லிங்கி ஆற்றிலோ தோட்டத்துக் கால்வாயிலோ விட்டுவிடுவோர் உண்டு. அது மீனுக்கும் நல்லதல்ல, ஆற்றுக்கும் நல்லதல்ல. நோயைப் பரப்பும், அடிச்சேற்றைக் கிளறி நீரைக் கலக்கும். அமெரிக்காவின் பெர்ன்ஸ்வில் நகர ஏரியில் இப்படி விடப்பட்ட தங்கமீன்கள் பெருத்துப் பெருகியதால், 2021இல் நகராட்சியே பொதுமக்களை எச்சரிக்க வேண்டியதாயிற்று. இடம் போதாதவர்கள், குளம் வைத்திருக்கும் பள்ளிக்கூடத்தையோ மீன் கடைக்காரரையோ கேட்டுப் பாருங்கள். பெரிய மீன் என்றால் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள்.