கேட்கும் வீடு – 9: பத்துக்குப் பத்தில் பேஸ் ஏன் குமுறுகிறது?

கோவையில் ஹோம் தியேட்டர் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் முதலில் கேட்பது, சப்வூஃபர் எத்தனை இஞ்ச் என்றுதான். அடுத்த கேள்வி எத்தனை வாட்ஸ். 8 இஞ்ச் போதாது என்று 10, அதுவும் போதாது என்று 12 என ஏறிக்கொண்டே போவார்கள். மாட்டிய ஒரு வாரத்தில் குறை ஆரம்பமாகும். வசனம் பேஸுக்கு அடியில் அமுங்குகிறது, சோபாவில் ஒருவருக்குக் காதை அடைக்கிறது, பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றுமே கேட்கவில்லை, எந்தப் படத்தைப் போட்டாலும் ஒரே 'கும்'. பழி கருவியின் மேல் விழுகிறது. அதைத் தள்ளிவிட்டு இன்னும் பெரிதாக ஒன்றை வாங்கப் பேச்சு நடக்கிறது. நம் பக்கத்துத் தார்சு வீடுகளில், 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே காதில் விழுவதைப் பெரும்பாலும் அறைதான் தீர்மானிக்கிறது என்பது இந்த வாரம் நான் சொல்ல வருவது. அதனால் முதல் வேலை பெட்டிக்கு இடம் பார்ப்பது. அதன் பிறகு ஒலியளவு, பிறகு ஃபேஸ், எல்லாம் முடிந்த பின் ஈக்வலைசர். பெரிய பெட்டிக்குப் பணம் போடலாமா என்பதை அதற்கும் பிறகு யோசித்தால் போதும்.

கணக்கு எளிது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஓடும் ஒலியின் அரை அலைநீளமும் அறையின் நீளமும் ஒன்றாக இருந்தால், போகிற அலையும் திரும்புகிற அலையும் கூடி நிலை அலை உண்டாகிறது. அந்த அதிர்வெண்ணில் சுவரோரம் சத்தம் பெருகும், அறையின் நட்டநடுவில் ஏறக்குறைய மறைந்துபோகும். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 1,130 அடி போகிறது. அதில் பாதியான 565-ஐ அறையின் அளவால் வகுத்தால் அந்த அதிர்வெண் வந்துவிடும். இங்கேதான் கொங்கு நாட்டுக்கென்று ஒரு சங்கதி இருக்கிறது. வீடு கட்டுகிற பலர் மனையடி சாஸ்திரம் பார்த்துத்தான் அறையின் உள் அளவை வைக்கிறார்கள். 10, 11, 16, 17, 20, 21 அடிகள் நல்லவை. 12 முதல் 15 வரை ஆகாது, 18, 19-ம் ஆகாது. கூரை உயரம் பெரும்பாலும் 10 அடி. ஆகவே 10-க்கு 10 அறையில் நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் விடை 56.5 ஹெர்ட்ஸ். மூன்று நிலை அலைகளும் ஒரே இடத்தில் வந்து குவிகின்றன. 10-க்கு 20 ஹாலிலும் தப்பவில்லை: நீளத்தின் முதல் அலை 28-ல் விழுந்தாலும் அதன் இரண்டாவது அலை மறுபடி 56.5-க்கே வந்து சேர்கிறது.

56.5 என்ற எண்ணைக் காதால் பிடித்துப் பார்க்கலாம். பேஸ் கிடாரில் அழுத்தாமல் மீட்டும் 'ஏ' தந்தியின் ஒலி 55 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே உள்ள 'இ' தந்தி 41, மேலே உள்ள 'டி' தந்தி 73. இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிடார் ஒரே இடத்தில் நிற்பதில்லை, தனி மெட்டாகவே நடந்து போகும். அப்படி ஒரு பாட்டை 10-க்கு 10 அறையில் போட்டால், அந்த நடையில் 55-ஐ ஒட்டிய சுரம் வரும்போதெல்லாம் அறை அலறும். 41-ஐ ஒட்டியது அதற்கு எதிரே அடங்கிக் கேட்கும். டிரம் உதை, வெடிச்சத்தம், லாரி உறுமல் எல்லாவற்றிலும் இந்த 56-க்கு அருகே உள்ள பகுதி மட்டும் தூக்கலாகக் கேட்பதால்தான் எல்லா வெடியும் ஒரே வெடியாகத் தோன்றுகிறது. சப்வூஃபர் சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க, வெடிக்காட்சியைவிட இந்த மாதிரி ஒரு பேஸ் கிடார் நடை நூறு மடங்கு நம்பகமானது.

மனையடி பார்க்காதே என்று நான் சொல்லவில்லை. அதே சாஸ்திரத்துக்குள்ளேயே நல்ல அறை இருக்கிறது. 11-க்கு 16 வைத்துப் பாருங்கள்: 16 அடிக்கு 35 ஹெர்ட்ஸ், 11 அடிக்கு 51, உயரத்துக்கு 56.5, நீளத்தின் இரண்டாவது அலை 71. ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரவி நிற்கின்றன. புதிதாகக் கட்டுகிறவர் தியேட்டர் அறைக்கு 10-க்கு 10-ஐயோ 16-க்கு 16-ஐயோ விட்டு இதை எடுத்துக்கொண்டால், பெரியவர்கள் சொல்லும் நிம்மதியும் கிடைக்கும், காதுக்கும் நிம்மதி. ஹாலும் டைனிங்கும் ஒன்றாகத் திறந்து கிடக்கும் வீடுகளில் இந்த வகுத்தல் அச்சாகப் பொருந்தாது. அங்கே அளந்துதான் பார்க்க வேண்டும்.

இந்தச் சிக்கல் நமக்குக் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் சுவர். இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி அமெரிக்க வீடுகளை மனத்தில் வைத்து எழுதியது. அங்கே மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அறைந்த சுவர்; பேஸ் பட்டதும் அது தானும் அசைந்து, சக்தியில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது, ஒரு பங்கை வெளியே விட்டுவிடுகிறது. நம்முடையது 9 இஞ்ச் செங்கல் சுவர், இரு பக்கமும் சிமெண்டுப் பூச்சு, மேலே கான்கிரீட் தார்சு, கீழே கிரானைட்டோ டைல்ஸோ. 50 ஹெர்ட்ஸ் அலையில் ஏறக்குறைய முழுவதையும் இது அறைக்கே திருப்பி அனுப்புகிறது. முன்பிருந்த ஓட்டு வீடுகளில் ஓட்டிடுக்கு வழியாகப் பேஸ் வெளியேறிவிடும். கெட்டிச் சுவரால் ஒரு லாபமும் உண்டு. கதவு சன்னல் சாத்தியிருந்தால், அறையின் மிகத் தாழ்ந்த நிலை அலைக்கும் கீழே உள்ள ஒலியை அறையே தூக்கிக் கொடுக்கிறது. 16 அடி அறையில் 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே இந்த உதவி இலவசமாகக் கிடைப்பதால், நடுத்தர அறைக்கு நல்ல 8 அல்லது 10 இஞ்ச் பெட்டி போதும் என்பது என் கணிப்பு.

தியேட்டரில் நன்றாகத்தானே இருக்கிறது, அங்கே இருப்பதைப் போலப் பெரிய பெட்டிகளை வைத்தால் வீட்டிலும் வராதா என்று கேட்கலாம். 80 அடி நீள அரங்கை எடுத்துக்கொண்டு அதே கணக்கைப் போட்டால் முதல் அலை 7 ஹெர்ட்ஸ், காதுக்கு எட்டாத ஆழம். நாம் கேட்கிற பகுதியில் நிலை அலைகள் நெருக்கமாக நிறைந்து கிடப்பதால் தனியாக எதுவும் துருத்தி நிற்பதில்லை. கோவை பிராட்வேயின் ஐமேக்ஸில் பேஸ் நெஞ்சில் இறங்குவதற்கு அங்கிருக்கும் கருவிகள் ஒரு காரணம் என்றால், இடத்தின் பரப்பு அதற்குக் குறையாத காரணம். 1974-ல் 'எர்த்க்வேக்' படத்துக்காக சென்சரவுண்ட் என்று அரங்குகளில் ராட்சதப் பேஸ் பெட்டிகளை வைத்த நாளிலிருந்து இந்தக் கலை பெரிய இடங்களுக்காக வளர்ந்தது. அதை 10 அடி அறைக்குள் அப்படியே இறக்க முடியாது.

ஆகவே முதல் வேலை இடம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் பிரித்தறிவது கடினம் என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். சப்வூஃபரை டிவிக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பது அதன் பயன். பெட்டியைத் தூக்கி, நாம் உட்காரும் இடத்தில், சோபாவின் மேலேயே வையுங்கள். பேஸ் கிடார் நடக்கும் பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாகக் குனிந்து காதைத் தரைப்பக்கம் கொண்டுபோய் மெல்ல நகருங்கள். மூலையில் எல்லாம் பெருத்துக் கேட்கும். ஒரு மூலையிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி, எங்கோ ஓரிடத்தில் சுரங்கள் ஒரே கனத்தில் வரும். அங்கே பெட்டியை வைத்துவிட்டு நீங்கள் சோபாவுக்குத் திரும்பலாம். பெட்டியும் காதும் ஒன்றுக்கொன்று இடம் மாறினாலும் விளைவு மாறாது என்பது ஒலியியல் விதி. கனமான பொருள் கன்னி மூலையில் இருக்க வேண்டும் என்று சப்வூஃபரை அங்கே தள்ளிவிடும் வீடுகள் உண்டு. அந்த மூலைக்கு பீரோவை விடுங்கள். சோபாவைப் பின்சுவரை ஒட்டிப் போடுவதும் நம் வழக்கம். பேஸ் மிகவும் பெருகும் இடமே அதுதான். இரண்டடி முன்னே இழுத்தாலே மாற்றம் தெரியும்.

அடுத்தது ஒலியளவு. சப்வூஃபரின் பின்னால் உள்ள கிராஸ்ஓவர் குமிழை முழுவதும் திருப்பிவிட்டு, பிரிக்கும் வேலையை ஏவி ரிசீவரிடம் 80 ஹெர்ட்ஸில் ஒப்படைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து வெட்டினால் நடுவில் பள்ளம் விழும். ரிசீவரின் சோதனை ஒலியை ஓடவிட்டு, உட்காரும் இடத்தில் எல்லா ஸ்பீக்கரும் 75 டெசிபல் காட்டும்படி வைப்பது வழக்கம். போன் ஆப்பில் அளப்பவர்கள் ஒரு விஷயத்தில் ஏமாறுகிறார்கள். ஆப் 'ஏ' அளவுகோலில் இருந்தால் 50 ஹெர்ட்ஸ் ஒலியை 30 டெசிபல் குறைத்துக் காட்டும். 'சி' அளவுகோலில் அந்தக் குறைப்பு ஒன்றரை டெசிபல்கூட இல்லை. 'ஏ'-வை நம்பிக் குமிழைத் திருகுகிறவர் வீட்டில் பாத்திரம் அதிராமல் வேறென்ன செய்யும்? சோமனூர், பல்லடம் பக்கம் வீட்டை ஒட்டித் தறி ஓடுகிறது என்றால், தறி நின்ற பிறகு அளக்க வேண்டும். பிறகு ஃபேஸ், அதாவது இரண்டின் அலைகளும் ஒன்றாகத் தள்ளுகின்றனவா என்பது: 80 ஹெர்ட்ஸ் ஒலியை முன் ஸ்பீக்கரும் சப்வூஃபரும் சேர்ந்து ஒலிக்கும்போது, ஒருவர் சுவிட்சை 0-க்கும் 180-க்கும் மாற்ற, சோபாவில் இருப்பவருக்கு எதில் உரக்கக் கேட்கிறதோ அதுவே சரி.

இதையெல்லாம் ரிசீவரோடு வரும் மைக்கே தானாகச் செய்துவிடுமே என்பது வலுவான எதிர்க்கேள்வி. பாதிதான் செய்யும். அதன் ஈக்வலைசரால் பேஸ் பெருகும் மலையை வெட்ட முடியும், பேஸ் மறையும் பள்ளத்தை நிரப்ப முடியாது. சுவரில் பட்டுத் திரும்பிய அலை நேர் அலையை அழிப்பதால் வந்தது அந்தப் பள்ளம். கூடுதலாக ஊட்டினால் அழிக்கிற அலையும் சேர்ந்து வளரும். 10 டெசிபல் தூக்க ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு சக்தி கொடுக்க வேண்டும், பலன் ஒன்றும் இருக்காது. மைக் ஓர் இருக்கைக்குச் சரி செய்தது அடுத்த இருக்கையில் தப்பாகிவிடுவதும் உண்டு. ஆகவே இடத்தை முதலில் கையால் தேடிவிட்டு, பிறகு அந்த மைக்கை ஓடவிடுவதே முறை. சப்வூஃபர் எட்டடியில் இருக்க ரிசீவர் பன்னிரண்டு அடி என்று காட்டினால் திருத்த வேண்டாம். பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்றின் தாமதத்தையும் அது தூரமாகக் கணக்கெடுத்திருக்கிறது.

சுவரில் தொங்கவிடும் திரைச்சீலையும் ஒட்டும் நாமக்கல் முட்டை அட்டையும் பேஸைக் குறைப்பதில் ஒரு துரும்பையும் அசைக்காது. 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 22 அடிக்கு மேல். அதில் கால் பங்கே ஐந்தரை அடி. ஒரு விரல் கனத்து அட்டை அதன் கண்ணுக்கே தெரியாது. மூலையில் தரையிலிருந்து கூரை வரை ஓரடிக்கும் மேலான கனத்தில் திருப்பூர்க் கழிவுப் பஞ்சை அடைத்து நிறுத்தினால் சிறிது குறையும், அவ்வளவுதான். இன்னொன்று, படமே ஓடாதபோது 'ம்ம்' என்று இழுக்கும் ஓசை. நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ்தான் அது. செட்டாப் பாக்ஸும் சப்வூஃபரும் வேறுவேறு எர்த்தில் இருக்கும்போது பெரும்பாலும் வரும்; 11 அடி அறையின் 51 ஹெர்ட்ஸ் அதைத் தூக்கியும் கொடுக்கும். கேபிள் வயரைக் கழற்றியதும் நின்றால் காரணம் தெரிந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒரே பாயிண்டிலிருந்து எடுங்கள். எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்லும் ஆலோசனையை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள், உயிருக்கு ஆபத்து.

12 இஞ்ச் ஒன்றுக்கு ஒதுக்கிய பணத்தில் 8 இஞ்ச் இரண்டு வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன். ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-ல் வெளியிட்ட ஆய்வில், எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்றாக இரண்டை வைத்தாலே பல இருக்கைகளுக்கும் பேஸ் ஒரே சீராகிறது என்று காட்டினார். நீளத்தின் முதல் அலை ஒரு சுவரில் ஏறும்போது எதிர்ச் சுவரில் இறங்குகிறது. இரண்டு பெட்டிகளும் சேர்ந்து தள்ளினால் அது எழவே முடியாது. அகலத்தின் முதல் அலைக்கு இரண்டுமே நடுவில் இருப்பதால் அதையும் தூண்டுவதில்லை. வீட்டில் நடமாட இடம் வேண்டாமா, பின்சுவர் வரை வயர் எப்படிப் போகும் என்று வீட்டிலுள்ளவர்கள் கேட்பது நியாயம். கட்டி முடித்த வீட்டில் வயர்லெஸ் இணைப்புக் கருவி ஒன்றோடு சமாளிக்கலாம், பிளக் பாயிண்ட் மட்டும் வேண்டும். சுவர் எழும்பிக்கொண்டிருக்கும் வீடு என்றால், பூச்சு வேலைக்கு முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, டிவிச் சுவரின் நடுவிலும் பின்சுவரின் நடுவிலும் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இடத்துக்கொரு பிளக் பாயிண்டும், ரிசீவர் இருக்கும் இடத்திலிருந்து அங்கே வரை ஓர் இஞ்ச் பைப்பும் போட்டுவைக்கச் சொல்லுங்கள். மின்சார வயரை அந்தப் பைப்புக்குள் விடாமல் தனிப் பைப்பில் கொண்டுபோகச் சொல்லவும் மறக்க வேண்டாம்.