பச்சை எங்கே? ஊதா எதுக்கு? கலரை மாத்தினா ஜனம் சும்மா இருக்குமா?
பால் பாக்கெட் சொல்லும் வியாபாரப் பாடம்!

சூரமங்கலம் —

விடியற்காலை 5 மணி. சேலம் ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கியவர்கள் டீக்கடை தேடும் நேரம். பால் பூத்துகளில் அதற்குள் கூட்டம் கூடிவிடும்.

“அண்ணே, ரெண்டு பச்சை!”

“எனக்கு ஒரு நீலம், ஒரு ஆரஞ்சு!”

‘கொழுப்பு நாலரை சதவீதம் உள்ள பால் கொடுங்க’ என்று யாராவது கேட்டதுண்டா? கிடையாது. கலரைச் சொன்னால் போதும், பாக்கெட் கைக்கு வந்துவிடும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும், கடைக்கு அனுப்பிய சின்னப் பையனுக்கும் கலர்தான் பெயர்ப் பலகை!

கலருக்குள் கணக்கு

சூரமங்கலத்தைத் தாண்டி இரும்பாலை ரோட்டில் போனால் தளவாய்பட்டி. சேலம் ஆவின் பால் பண்ணை இங்கேதான் இருக்கிறது. ஆவின் பாக்கெட்டில் நீலம் என்றால் கொழுப்பு 3 சதவீதம். பச்சை என்றால் நாலரை. ஆரஞ்சு என்றால் 6. ஆண்டுக்கணக்கில் இதே கலர், இதே சரக்கு என்று கொடுத்ததால் ஜனங்கள் மனசில் பதிந்துவிட்டது.

2022 நவம்பர் 5-ந் தேதி அட்டை இல்லாதவர்களுக்கு ஆரஞ்சு பால் லிட்டர் 48 ரூபாயில் இருந்து ஒரேயடியாக 60 ரூபாய் ஆனது. அட்டைதாரர்களுக்கு மட்டும் 46 ரூபாயே நீடித்தது. ஆரஞ்சு கட்டுப்படியாகாதவர்களின் கண் பச்சைப் பக்கம் திரும்பியதில் ஆச்சரியம் என்ன?

ஊதா கிளப்பிய புயல்

அடுத்த வருஷமே அந்தப் பச்சைக்கும் ஆபத்து வந்தது! 2023 நவம்பரில் பச்சையை நிறுத்திவிட்டு, ‘டிலைட்’ என்ற ஊதா பாக்கெட்டைக் கொண்டுவர ஏற்பாடு நடந்தது. இதில் கொழுப்பு மூன்றரை சதவீதம்தான்.

“கொழுப்பு ஒரு சதவீதம் குறையுது, விலை மட்டும் குறையலையே!” என்று குமுறல் கிளம்பியது. அரசியல் கட்சித் தலைவர்களும் அறிக்கை விட்டார்கள். வெறும் பிளாஸ்டிக் உறையின் நிறத்துக்கா இத்தனை சண்டை? இல்லை. அந்த நிறம் கொடுத்த வாக்குறுதிக்காக!

கோர்ட்டு வரை போன சிவப்பு

கலருக்காகக் கோர்ட்டு ஏறியவர்களும் உண்டு. கோல்கேட் பல்பொடி டப்பாவின் சிவப்பு - வெள்ளை ஜோடியை ஆங்கர் கம்பெனி பயன்படுத்தியதாக வழக்கு. 2003-ல் டெல்லி ஐகோர்ட்டு கோல்கேட் பக்கம் நின்று, ஆங்கருக்கு இடைக்காலத் தடை போட்டது. படிக்காத வாடிக்கையாளர் டப்பாவின் நிறத்தையும் தோற்றத்தையும் பார்த்துத்தான் சாமான் வாங்குகிறார், அவர் ஏமாறக் கூடாது என்பது கோர்ட்டின் கருத்து.

சட்டமும் இதற்கு இடம் தருகிறது. 1999-ம் வருஷ டிரேட் மார்க் சட்டப்படி, பெயரும் படமும் மட்டுமல்ல, கலர் சேர்க்கையும் உறையின் தோற்றமும்கூட வணிகச் சின்னம்தான். அடுத்தவர் சின்னத்தைப் போலியாகப் போட்டு மாட்டிக்கொண்டால் 6 மாதம் முதல் 3 வருஷம் வரை ஜெயில். அபராதம் 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை!

கடைக்காரர்கள் கவனத்துக்கு

சின்னக் கடைக்கு இதெல்லாம் எதுக்கு என்று நினைக்கலாம். ஊறுகாய், அப்பளம், முறுக்கு பாக்கெட் போடுகிறவர்களுக்குத்தான் இது ரொம்ப அவசியம்.

இரண்டு கலரைத் தேர்ந்தெடுத்தால் போதும். போர்டு, பை, பில் எல்லாவற்றிலும் அதுவே இருக்கட்டும். முத்திரையைக் கறுப்பு வெள்ளையில் அச்சடித்தாலும், அரையணா அளவுக்குச் சுருக்கினாலும் அடையாளம் தெரிய வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் இருந்து பார்த்தாலும் கண்ணில் பட வேண்டும். பக்கத்துக் கடைக்காரர் கலரைக் காப்பி அடிப்பது முதலுக்கே மோசம்.

2017-ம் வருஷ விதிகள், தனிநபரும் சிறு தொழில் செய்பவரும் ஆன்லைனில் சின்னத்துக்கு விண்ணப்பிக்க ஓர் இனச் சரக்குக்கு 4,500 ரூபாய் கட்டணம் வைத்தன. பதிவு கிடைத்தால் 10 வருஷம் பாதுகாப்பு. அப்புறம் புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

பாத்திரக் கடையில் “சேலம் ஸ்டீலா?” என்று கேட்டு வாங்கும் பழக்கம் ஒரே நாளில் வந்ததா? உள்ளே இருக்கும் சரக்கு நின்றதால்தான் மேலே இருந்த பெயரும் நின்றது. கலரும் அப்படித்தான். பெயிண்ட் அடிக்க ஒரு நாள் போதும். அதை ஜனங்கள் நம்புவதற்குப் பல வருஷம் ஆகும். சரக்கைக் குறைத்தால் அந்த நம்பிக்கை ஒரே காலையில் காலி!